பழைய வண்டியின் கூலிங் சிஸ்டத்தைக் கழுவுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 1986 மாடல் அம்பாசிடர், மார்க் 4. பங்குனி முடிந்து வெயில் ஏறத் தொடங்கினால் போதும், பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராக அதே பேச்சோடு வருவார்கள்: "அண்ணே, வண்டி கொதிக்குது." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதில் வைத்திருக்கிறேன். அம்பாசிடரை மனதில் வைத்து எழுதியதுதான். பத்மினி, மாருதி 800, பழைய ஜீப் இவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். மாறுகிற இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

ரேடியேட்டர்ல இருக்கிறது வெறும் தண்ணிதானே, அதை எதுக்குண்ணே கழுவணும்?

வெந்நீர் போடும் கம்பி ஹீட்டரை ஒரு வருடம் கழித்து எடுத்துப் பாருங்கள். சுண்ணாம்பு பூசினாற்போல ஒரு ஓடு ஒட்டியிருக்கும். அதே போர் தண்ணீரைத்தான் முப்பது வருடமாக எஞ்சினுக்குள் ஊற்றியிருக்கிறோம். தண்ணீரில் இருக்கும் கால்சியம் உப்பு சர்க்கரையைப் போல இல்லை. சூடு ஏற ஏறக் கரையாமல் பிரிந்து படியும். அதனால் எந்த இடம் அதிகம் சூடாகிறதோ அங்கேதான் முதலில் படிகிறது: சிலிண்டரைச் சுற்றி, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகளின் பக்கம். வார்ப்பிரும்பு கடத்துகிற சூட்டில் இருபதில் ஒரு பங்கைக் கடத்தினாலே அந்த ஓட்டுக்குப் பெரிய காரியம்.

இதோடு துரு வேறு. அம்பாசிடரில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. உதிர்ந்த துரு செம்மண் சேறாக பிளாக்கின் அடியில், அதிலும் பின்பக்கத்தில் தங்கிவிடும். மிச்சம் ரேடியேட்டர் குழாய்களின் வாயில் போய் அடைக்கும்.

எங்க வண்டிக்கு இது தேவையா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

எஞ்சின் நன்றாக ஆறியபிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டுத் தடவுங்கள். செம்மண்ணோ வெள்ளைப் பொருக்கோ ஒட்டினால் தேவை. டார்ச் அடித்தால் குழாய்களின் வாய் தெரியும். தேன்கூட்டில் சில அறைகளை மூடி வைத்ததுபோல இருந்தால் கழுவுவதோடு வேலை முடியாது, அதற்குத் தனியாக ஒரு கேள்வி கீழே வருகிறது.

இன்னொரு சோதனை. வண்டியை இருபது நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். எஞ்சின் நின்றபிறகு ரேடியேட்டரின் முன்பக்கத்தைக் கையால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். எலெக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டி என்றால் சாவியை எடுத்தபிறகும் ஃபேன் தானாகச் சுற்றலாம், விரல் ஜாக்கிரதை. மேலிருந்து கீழே சூடு சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும். நடுவில் ஒரு கையகலம் மட்டும் சில்லென்று இருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் ஓடவில்லை.

கீழ இருக்கிற குழாயைத் திறந்து பழைய தண்ணியை விட்டுட்டு புதுசா ஊத்தினா போதாதா?

போதாது. ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்தால் ரேடியேட்டர் தண்ணீர் மட்டும்தான் வரும். எஞ்சின் பிளாக்குக்குள் கணிசமாகத் தண்ணீர் தங்கும். அதை எடுக்க பிளாக்கின் பக்கவாட்டில், பின்புறமாக ஒரு குழாய் உண்டு. பல வண்டிகளில் அப்படி ஒன்று இருப்பதே ஓனருக்குத் தெரியாது. கிரீஸும் மண்ணும் மூடி, போல்ட் மாதிரி தெரியும்.

என் வண்டியில் அதைத் திறந்தபோது ஒரு சொட்டுகூட வரவில்லை. குடைக்கம்பியை உள்ளே விட்டுக் குத்தினேன். முதலில் களிமண் போல ஒரு துண்டு விழுந்தது. அப்புறம் மெதுவாகக் கசிந்து, திடீரென்று காபி டிகாஷன் நிறத்தில் பீய்ச்சியடித்தது. சட்டை போனது போனதுதான். அந்தச் சேறு வெளியே வராமல் மேலே என்ன ஊற்றினாலும் பாதி வேலைதான்.

வீட்டிலேயே செய்யலாமா? என்னென்ன வேணும்?

செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாக வேண்டும். ஸ்பேனர் செட், ஸ்க்ரூடிரைவர், இரண்டு வாளி, தோட்டத்து ஹோஸ், குத்துவதற்கு ஒரு கம்பி, சிட்ரிக் ஆசிட் தூள், சமையல் சோடா, தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) மூடிக்கு புது கேஸ்கெட். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் கிளிப்போடு புதிதாக வாங்கி வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள். பழைய ஹோஸை இழுக்கும்போது கிழிந்தால் மத்தியானம் இரண்டு மணிக்குக் கடை தேடி அலைய வேண்டிவரும்.

ஒன்றே ஒன்று: சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். துணி போட்டுப் பிடித்துத் திறக்கலாம் என்று சொல்பவர்களின் முன்கையைப் பாருங்கள், தழும்பு இருக்கும். முக்கால் மணி நேரம் காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

எதுல ஆரம்பிச்சு எதுல முடிக்கணும்? வரிசையா சொல்லுங்க.

ஆறிய எஞ்சினில் இரண்டு குழாய்களையும் திறந்து எல்லாவற்றையும் ஒரு வாளியில் பிடியுங்கள். எத்தனை லிட்டர் வந்தது என்று அளந்து எழுதி வையுங்கள், கடைசியில் தண்ணீரோடு கலந்து ஊற்றும் கூலண்டின் கணக்குக்கு உதவும். மேலே எண்ணெய் மிதக்கிறதா என்றும் பாருங்கள். மிதந்தால் கழுவுவதை நிறுத்திவிட்டு முதலில் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும். அடுத்து, வெறும் தண்ணீர் ஊற்றி இரண்டு முறை அலசுங்கள். பிறகு தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வைத்துவிட்டு அதன் மூடியை மட்டும் திரும்ப மாட்டுங்கள். ஹீட்டர் உள்ள வண்டியில், மாருதி 800 போல, ஹீட்டர் லீவரை முழுச் சூட்டுப் பக்கம் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பாதை கழுவப்படாமலே இருந்துவிடும்.

இப்போது சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரை ஊற்றி எஞ்சினை ஓட விடுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாததால் எஞ்சின் லேசில் சூடாகாது. ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு அட்டையைச் சொருகினால் சூடு காட்டும் முள் ஏறும். முள்ளின் மேலேயே கண் இருக்கட்டும், வழக்கமான இடத்துக்கு வந்ததும் அட்டையை எடுத்துவிடுங்கள். மொத்தம் இருபது முதல் முப்பது நிமிடம். ஆறவிட்டுக் கழித்துவிடுங்கள். நல்ல தண்ணீரால் ஒரு முறை அலசியபின், நாலு ஸ்பூன் சமையல் சோடாவை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றி ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். மிச்ச ஆசிட் இருந்தால் நுரைக்கும், அதனால் அப்போது மூடியைப் போடக் கூடாது. கடைசியாக, வருகிற தண்ணீர் கண்ணாடி டம்ளரில் தெளிவாகத் தெரியும்வரை அலசல். எனக்கு முதல் தடவை ஒன்பது அலசல் ஆயிற்று.

சிட்ரிக் ஆசிட் எவ்வளவு? பாத்ரூம் ஆசிட் ஊத்தினா சீக்கிரம் முடிஞ்சிடுமே?

லிட்டருக்கு 30 முதல் 50 கிராம். ஊற்றுவதற்கு முன்பே வெதுவெதுப்பான தண்ணீரில் முழுதாகக் கரைத்துவிடுங்கள். பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அதே வேலைதான். பலவீனமான அமிலம், சுண்ணாம்பையும் துருவையும் கரைக்கும், அடியில் உள்ள உலோகத்தை அவ்வளவாகத் தொடாது. "அவ்வளவாக" என்றதைக் கவனியுங்கள். ஊற்றிவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

பாத்ரூம் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது சுண்ணாம்பைத் தின்ற வேகத்தில் இரும்பையும் ஈயப் பற்றையும் தின்னும். அனுபவத்தில் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு ஷெட்டில் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது, "சார், பளபளன்னு ஆக்கிட்டேன்" என்றார் மெக்கானிக். உள்ளே ஊற்றியது பாத்ரூம் ஆசிட். பளபளப்பு உண்மைதான். பத்து நாளில் பற்றுவைத்த இடங்களில் ஊசிமுனை ஊசிமுனையாக ஏழு ஓட்டை. ரேடியேட்டரை இறக்கிப் புதிதாகப் பற்றுவைத்தேன்.

எங்களது மாருதி 800. அம்பாசிடருக்குச் சொன்னது அதுக்கும் சரிவருமா?

மாருதி 800, பத்மினி இரண்டிலும் ஹெட் அலுமினியம். சிட்ரிக் ஆசிட் சரிவரும், ஆனால் 30 கிராம் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், நேரத்தையும் பதினைந்து நிமிடத்தோடு நிறுத்துங்கள். காஸ்டிக் சோடா, சலவை சோடா பக்கமே போகாதீர்கள். காரம் அலுமினியத்தைக் கரைத்துவிடும். சமையல் சோடா மென்மையானது, மேலே சொன்ன ஐந்து நிமிடத்தில் தீங்கு செய்யாது.

தண்ணியைத் தலைகீழா விட்டாத்தான் அழுக்கு வரும்கிறாங்களே?

உண்மை. ஓட்டத்தின் திசையில் வந்து சிக்கிய குப்பையை எதிர்த்திசையில் தள்ளினால்தான் வெளியே வரும். ரேடியேட்டரையும் எஞ்சினையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். இரண்டு ஹோஸையும் கழற்றிவிட்டு, ரேடியேட்டரின் கீழ்வாயில் தண்ணீரை விட்டு மேல்வாயில் வெளியேற்றுங்கள். எஞ்சினில், தெர்மோஸ்டாட் இருந்த இடத்தில் விட்டு கீழே எடுங்கள். தோட்டத்து ஹோஸைத் துணி சுற்றி வைத்து, வீட்டுக் குழாயின் சாதாரண அழுத்தத்தில் விட்டால் போதும். வாட்டர் சர்வீஸ் கன்னை உள்ளே விட்டால் பழைய பித்தளை ரேடியேட்டர் தாங்காது.

கையோடு வெளிப்பக்கத்தையும் கழுவிவிடுங்கள். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னால் நோக்கி மெல்லிய தண்ணீர். இரவு நெடுஞ்சாலையில் அடிபட்ட பூச்சிகள் தகடுகளுக்கு இடையில் அப்பிக் கிடக்கும். உள்ளே கண்ணாடியாக இருந்து வெளியே காற்று புகாவிட்டால் என்ன பயன்?

தெர்மோஸ்டாட் இல்லாமலே வண்டி கூலா ஓடுதுன்னு மெக்கானிக் எடுத்துப் போட்டுட்டார். விட்டுடலாமா?

நம்மூரில் இது கிட்டத்தட்ட சடங்காகிவிட்டது. தெர்மோஸ்டாட் எஞ்சினைக் குளிரவைக்கிற பொருள் இல்லை, தேவையான சூட்டுக்குச் சீக்கிரம் கொண்டுவருகிற பொருள். அது இல்லாவிட்டால் எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கவைக்கும், சிலிண்டர் தேயும். முள் கீழே நிற்பதைப் பார்த்து நாம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம்.

எடுத்ததைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். 82 என்று அச்சடித்திருந்தால் ஏறக்குறைய 82 டிகிரியில் வாய் திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொதித்தும் திறக்காவிட்டால்தான் அது குப்பை. அந்த இடத்துக்குப் புதிது வாங்கிப் போடுங்கள், காலியாக விடாதீர்கள்.

கடைசியா எந்தத் தண்ணி ஊத்துறது? போர், ஆர்.ஓ., பேட்டரி தண்ணி, ஏ.சி. தண்ணி?

அலசுவதற்கு எந்தத் தண்ணீரும் சரி. கடைசியாக நிரப்ப பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் பரவாயில்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இருக்காது, ஆனால் காயிலின் தூசியும் பாசியும் சேர்ந்து வரும். வழியில் அவசரத்துக்கு ஊற்றலாம். போர் தண்ணீர் ஊற்றினால் முதல் கேள்விக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

கூலண்ட் பச்சையா, சிவப்பா? நம்ம ஊர்ல பனியா கொட்டுது, அதெல்லாம் எதுக்கு?

நிறம் வெறும் சாயம், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி கிடையாது. டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். பித்தளை ரேடியேட்டரும் இரும்பு எஞ்சினும் உள்ள வண்டிக்கு, செம்பு, பித்தளை, ஈயப் பற்று இவற்றுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் பழைய வகை போதும். அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இரண்டு வகைகளைக் கலக்காதீர்கள். சில கலவைகள் ஜவ்வரிசிக் கஞ்சி போலத் திரண்டு, கழுவிய வேலையைக் கெடுத்துவிடும்.

பனிக்காக நாம் கூலண்ட் ஊற்றவில்லை, துருவைத் தடுக்கிற மருந்து அதில்தான் இருக்கிறது என்பதற்காக. சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீரை மிஞ்ச கூலண்டால் முடியாது. அதனால் சமவெளியில் மூன்றில் ஒரு பங்கு கூலண்ட், இரண்டு பங்கு தண்ணீர் என்பது என் கணக்கு. கலக்காத கூலண்டுக்குத்தான் இந்தக் கணக்கு. ஏற்கெனவே கலந்து விற்பதில் மறுபடி தண்ணீர் சேர்க்கக் கூடாது. அலசிய தண்ணீர் பிளாக்கில் கொஞ்சம் தங்கியே இருக்கும் என்பதால், அளந்து எழுதினீர்களே, அந்த லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு கூலண்டை முதலில் ஊற்றிவிட்டு மிச்சத்தைத் தண்ணீரால் நிரப்புங்கள்.

கழுத்து வரைக்கும் ஊத்துறேன், கொஞ்ச தூரம் போனா குறைஞ்சிருக்கு. எங்கே போகுது?

பழைய அம்பாசிடரில் உபரி பாட்டில் கிடையாது. சூட்டில் விரிகிற தண்ணீர் சின்னக் குழாய் வழியாக ரோட்டில் போய்விடும். கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழேயே நிறுத்துங்கள், அதற்கப்புறம் குறையாது.

அதற்குப் பிறகும் குறைந்தால், கழுவிய முதல் நாள் என்றால் உள்ளே காற்று அடைத்திருக்கலாம். வண்டியின் மூக்கு மேடான பக்கம் இருக்கும்படி நிறுத்தி, மூடி இல்லாமல் எஞ்சினை ஓட்டி, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கி விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் குபுக் குபுக்கென்று குமிழி வந்து மட்டம் இறங்கும், அப்போது நிரப்புங்கள். எத்தனை நேரமானாலும் குமிழி நிற்காவிட்டால் அது காற்று இல்லை, ஹெட் கேஸ்கெட் வழியாக வரும் புகை.

ஊருக்குள்ள நல்லா ஓடுது, கொடைக்கானல் ஏறும்போது மட்டும் கொதிக்குதே?

ஒரு காலத்தில் வெள்ளி அருவிப் பக்கம் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும் அம்பாசிடர்களைப் பார்க்காமல் யாரும் கொடைக்கானல் போயிருக்க முடியாது. ஏற்றத்தில் எஞ்சின் முழு மூச்சாக வேலை செய்கிறது, வேகம் குறைவென்பதால் காற்று போதவில்லை. கூடவே, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இங்கே கைகொடுப்பது ரேடியேட்டர் மூடி. 7 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு) மூடி ஒழுங்காக அழுத்தம் பிடித்தால் அதே உயரத்தில் கொதிநிலை 105 டிகிரி வரை போகும். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் அந்த 12 டிகிரியும் போச்சு. புது மூடி வாங்கிப் பாருங்கள், செலவு குறைவு. ஆனால் பழையதில் 7 என்று இருந்தால் 7தான். 13 போட்டால் இன்னும் நல்லதுதானே என்று நினைத்தால், பழைய பற்றுகள் பிரிந்துகொள்ளும்.

கழுவுறதுக்கு முன்னாடி ஒழுகவே இல்லை. கழுவினதுக்கப்புறம்தான் ஒழுகுது. கெடுத்துட்டீங்களேண்ணே!

இந்தத் திட்டை நிறையவே வாங்கியிருக்கிறேன். ஓட்டை முன்பே இருந்தது, அழுக்குதான் அதை அடைத்துக்கொண்டிருந்தது. பிளாக்கின் பக்கவாட்டில் வட்டத் தகடாக இருக்கும் கோர் பிளக்குகள் உள்ளிருந்தே துருப்பிடித்துக் காகிதமாகியிருக்கும், பின்னால் சேறு தாங்கிக்கொண்டிருக்கும். சேறு போனதும் ஒழுகும். வாட்டர் பம்பும் அப்படித்தான். பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அதில் சொட்டினால் உள் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகும்.

எனவே கோவிலுக்கோ கல்யாணத்துக்கோ கிளம்புவதற்கு முதல் நாள் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். கழுவிய பிறகு ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டிப் பார்க்க அவகாசம் வேண்டும்.

மஞ்சத்தூள் போட்டா ஓட்டை அடைஞ்சிடுமாமே?

அடையும். லாரி டிரைவர்களின் பழைய வைத்தியம் அது. ராத்திரி நடுவழியில் மாட்டிக்கொண்டால் நானும் போடுவேன். ஆனால் மஞ்சளுக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது. வீடு வந்து சேர்ந்ததும் ரேடியேட்டருக்குப் பற்றுவைத்து, முழுதாகக் கழுவிவிட வேண்டும். கடையில் விற்கும் லீக் அடைக்கும் பொடிகளுக்கும் இதே பதில்தான்.

சொன்ன மாதிரி எல்லாம் செஞ்சாச்சு. இன்னும் சூடாகுதே?

முதலில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட்டு ஒரு சோதனை. கழற்றி, கீழ்வாயை உள்ளங்கையால் அடைத்து, தண்ணீர் நிரப்பி, சட்டென்று கையை எடுங்கள். வாயளவு தடிமனில் தண்ணீர் தபதபவென்று கொட்ட வேண்டும். நூலாக வந்தால் குழாய்கள் கல்லாகிவிட்டன, சிட்ரிக் ஆசிட் அங்கே நுழையவே இல்லை. ரேடியேட்டர் ஒர்க்ஸில் கொடுத்துவிடுங்கள். நெருப்பு காட்டிப் பற்றை இளக்கி, மேல் டேங்கைத் தனியாகத் தூக்கிவிடுவார்கள். தட்டையான குழாய் வாய்கள் வரிசையாகத் தெரியும், பாதி வாயில் வெள்ளைக் கல். மெல்லிய தகட்டுப் பட்டையை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கி, கரகரவென்று இழுத்து எடுப்பார் கிழவர் ஒருவர். அவசரப்படுத்தாதீர்கள், ஒரு குழாய் கிழிந்தால் அதை மூடிவிட வேண்டியதுதான். பிளாஸ்டிக் டேங்க் உள்ள அலுமினிய ரேடியேட்டரில் இந்த வித்தை நடக்காது, புதிதுதான் மாற்ற வேண்டும்.

ரேடியேட்டர் நன்றாக இருந்தால் கண்ணை வேறு பக்கம் திருப்புங்கள். ஃபேன் பெல்ட் நடுவில் அமுக்கினால் அரை அங்குலத்துக்கு மேல் போகிறதா, இக்னிஷன் டைமிங் தள்ளிப்போயிருக்கிறதா, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா, கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பையாகிறதா. முள்ளே பொய் சொல்லலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கழிச்ச பழைய கூலண்டை எங்கே ஊத்துறது?

செடிக்கும் வேண்டாம், தெருச் சாக்கடைக்கும் வேண்டாம். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம், ஆனால் இனிக்கும். தெருநாய் நக்கிக் குடித்துவிடும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய்விடும். வாளியைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள். பழைய கேனில் ஊற்றி மூடி, வேஸ்ட் ஆயிலைச் சேர்த்துவைக்கும் ஒர்க்‌ஷாப்பில் தனியாகக் கொடுங்கள். ஆயிலோடு கலந்துவிட்டால் அவர்களும் வாங்க மாட்டார்கள்.

தாத்தா வண்டி, அஞ்சு வருஷமா தண்ணியே இல்லாம ஷெட்ல நிக்குது. கழுவிட்டு ஸ்டார்ட் பண்ணவா, ஸ்டார்ட் பண்ணிட்டுக் கழுவவா?

முதலில் குளிர்ந்த அலசல், அப்புறம்தான் ஸ்டார்ட். காய்ந்த துரு பிளாக்கின் சுவரில் செதில் செதிலாக நிற்கும். எஞ்சினை ஓட்டினால் அத்தனையும் ஒரே நேரத்தில் உதிர்ந்து ரேடியேட்டருக்குப் போகும். அதனால் ரேடியேட்டரை இணைக்காமல், தலைகீழாக விடும் கேள்வியில் சொன்னபடி எஞ்சினை மட்டும் தோட்டத்து ஹோஸால் நன்றாக அலசுங்கள். பிளாக் குழாயைக் கம்பியால் குத்தத் தவறாதீர்கள்.

ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். பம்ப் சீல் காய்ந்து ஒட்டியிருந்தால் இறுக்கமாக இருக்கும். அப்படி இருந்தால் பம்பை மாற்றாமல் பெல்ட்டை மாட்டாதீர்கள். ஹோஸ்கள் பார்க்க நன்றாக இருந்தாலும் புதிது. இவ்வளவும் முடிந்தபிறகு வெறும் தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டி, அடியில் செய்தித்தாள் விரித்து எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். சிட்ரிக் ஆசிட் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும்.